ஜன்னலுக்கடியில் ஒரு பெட்டி

அக்டோபர் 28

அக்கா,

முதலில் ஒரு வெட்கக்கேட்டைச் சொல்லிவிடுகிறேன். போன சனிக்கிழமை சாயங்காலம் ஆறேகாலுக்கு, ஐம்பத்து மூன்று வயதில், மீசையும் மூக்குக்கண்ணாடியுமாக, அம்மாவின் சாம்பல் நிறச் சால்வையைத் தலையோடு போர்த்திக்கொண்டு, நம் வீட்டு மாடி ஜன்னலில் பேயாக நின்றேன். நின்றேன் என்பதுகூடக் கௌரவமான வார்த்தை. படியேறி ஓடி வந்ததில் கம்பியைப் பிடித்துக்கொண்டு இரைத்தேன். கீழே சந்தில் நின்ற பன்னிரண்டு பேரில் ஒரு அம்மாள், "ஐயோ பாவம், பேய்க்கு ஆஸ்துமா போலிருக்கே" என்றாள். யாரோ படம் எடுத்துவிட்டார்கள். 'மீசை வைத்த மோகினி' என்று அது இப்போது ஊரெல்லாம் சுற்றுகிறது. நாம் 'ரேடியோ' என்று கூப்பிடுவோமே, நம் பெரியம்மா பையன், அவன் கைக்கும் போய்விட்டது. அவன் கைக்குப் போனால் உன் கைக்கு வந்த மாதிரி. அதற்குள் நானே சொல்லிவிடலாம் என்றுதான் இந்தக் கடிதம். என் நம்பரை நீ பிளாக் செய்துவைத்துப் பதினோரு வருஷம் ஆகிறதே, வேறு வழி?

விஷயம் இதுதான். இங்கே அக்டோபர் கடைசியில் பனி இறங்கினால் ஜனவரி முடியும்வரை ஏறாது. மலை தெரியாது, ஏரி தெரியாது, எதிரே வருகிறவன் கடன் கொடுத்தவனா வாங்கினவனா என்றுகூடத் தெரியாது. எங்கள் லாட்ஜில் பதினாலு அறை. பனி மாதத்தில் இரண்டில் விளக்கு எரிந்தால் அதிகம். ஆறு வருஷத்துக்கு முன்னால் முதலாளி என்னைக் கூப்பிட்டு, "பார்க்க ஒண்ணும் இல்லேன்னா, இல்லாததையே காட்டு" என்றார். ரிசப்ஷனில் சாவி கொடுத்துக்கொண்டிருந்தவன் அன்றிலிருந்து பனிக்காலத்தில் பேய் உலா வழிகாட்டி. ஆளுக்கொரு டார்ச், ஒரு கம்பளி. இதய நோய்க்காரர்கள் கையெழுத்துப் போட வேண்டும், முட்டிவலிக்காரர்களுக்குக் கைத்தடி இலவசம். சரியாக ஐந்தரைக்குக் கிளம்பி ஏழுக்குள் முடித்துவிடுவேன். அதற்கு மேல் போனால் பேய் வருகிறதோ இல்லையோ, எனக்கு ஜலதோஷம் வந்துவிடும்.

முடிவில் ஒரு வித்தை உண்டு. கிளம்பும்போது எல்லாரையும் சத்தமாக எண்ணுவேன். திரும்பியதும் மறுபடி எண்ணி, முகத்தைச் சுருக்கி, "பன்னிரண்டு பேர் கிளம்பினோம், பதின்மூணு பேர் இருக்கோமே?" என்பேன். ஒவ்வொரு தடவையும் நாலு பேராவது அலறுவார்கள்.

கடைசி நிறுத்தம் நம் வீட்டின் பின்பக்கம், ஏற்றச் சந்து. வழக்கமாக மாடி ஜன்னலில் ஹேங்கரில் சால்வையை மாட்டி, பின்னால் டேபிள் ஃபேனை ஓட விட்டிருப்பேன். சனிக்கிழமை கரண்ட் போய்விட்டது. "எல்லாரும் கண்ணை மூடி நூறு எண்ணுங்க" என்று சொல்லிவிட்டு நானே ஓடினேன். எழுபதிலேயே கண்ணைத் திறந்துவிட்டார்கள். ஏமாற்றுக்காரர்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அந்த ஜன்னலுக்கு நான் சொல்லும் கதை இது: தூர தேசம் போன மகள் வருவாள் வருவாள் என்று ஒரு தாய் தினமும் சாயங்காலம் அங்கே நின்றாள், நின்று நின்றே செத்துப்போனாள்.

கோபப்படாதே என்று எழுதப் பேனாவை எடுத்தேன். வேண்டாம், படு.

தம்பி

*

நவம்பர் 9

தம்பிக்கு,

உன் கடிதத்துக்கு முன்பே படம் வந்துவிட்டது. முதலில் சிரித்தேன். ஓய்வறையில் கூட வேலை பார்க்கிறவர்கள் என்ன என்ன என்று கேட்கும் அளவுக்குச் சிரித்தேன். அப்புறம் சால்வையைப் பார்த்தேன். அது என் முதல் சம்பளத்தில் வாங்கி அனுப்பியது.

போனில் நீ சொன்னது எனக்கு எழுத்துக்கு எழுத்து ஞாபகம் இருக்கிறது. "உனக்காக ஜன்னல்லயே நின்னு நின்னு செத்துப்போனாங்க அம்மா. இனிமே யாருக்காக வர்றே?" அதற்குப் பிறகுதான் உன் நம்பரை பிளாக் செய்தேன். அந்த வாக்கியத்தை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை, வீட்டுக்காரரிடம்கூட. நீ அதற்கு டிக்கெட் போட்டிருக்கிறாய்.

நான் இன்னும் அதே விமான நிலையத்தில், அதே கவுண்டரில்தான் இருக்கிறேன். நாளுக்கு முந்நூறு பெட்டியை எடை போட்டு, முந்நூறு பேரை அவரவர் வீட்டுக்கு அனுப்புகிறேன். ஒவ்வொரு பெட்டியும் பெல்டில் நகரும்போது, இவர்களுக்காக எந்த ஜன்னலில் யார் நிற்கிறார்களோ என்று தோன்றும். பதினோரு வருஷமாகத் தோன்றுகிறது. நீ ஒரு சனிக்கிழமை இரைத்ததைப் பெரிதாக எழுதுகிறாய்.

நிறுத்து. வேறு ஏதாவது பேயைக் கண்டுபிடி. உனக்குப் பொய்க்குப் பஞ்சமா?

ஒரு கேள்வி. அம்மா நிஜமாகவே நின்றாளா? ஆமாம், இல்லை, ஒரே வார்த்தை போதும். மற்ற எந்தக் கதையும் வேண்டாம்.

அக்கா

*

நவம்பர் 20

அக்கா,

ஒரே வார்த்தையில் பதில் எழுதும் ஆள் என்றால் நான் ஏன் ரிசப்ஷனில் இருக்கிறேன்? ஜட்ஜாகியிருப்பேன்.

கதையை நிறுத்திவிட்டேன். முந்தாநாள் அந்த இடத்துக்கு ஒரு புதுப் பேயைப் போட்டேன்: வாடகை வசூலிக்க வந்து பனியில் தொலைந்துபோன வீட்டுச் சொந்தக்காரர். ஒருத்தரும் பயப்படவில்லை. ஒரு ஆள் கைதட்டினார், அவர் வாடகை வீட்டில் இருப்பவராம்.

நிஜமான வீட்டுச் சொந்தக்காரர் தொலையவில்லை, திடமாக இருக்கிறார். பிப்ரவரியில் வீட்டை இடிக்கப் போகிறார். பேசிப் பார்த்தேன். "அஸ்திவாரம் ஈரத்துல ஊறிப் போச்சுங்க. நீங்களும்தான்" என்றார். எனக்கு லாட்ஜிலேயே ஒரு அறை தருகிறார்கள். அதற்குள் நீ ஒரு தடவை வரவேண்டும், அக்கா. உன் பெட்டி இருக்கிறது.

ஆமாம், அதே பெட்டிதான். நீ வராமல் அது மட்டும் வந்ததே. காரியமெல்லாம் முடிந்த மறுநாள் விமானக் கம்பெனி வண்டிக்காரன் வாசல் ரோட்டில் இறக்கி வைத்து என்னிடம் கையெழுத்து வாங்கினான். ஆத்திரத்தில் தூக்கிக்கொண்டு போய் மாடியில், ஜன்னலுக்கடியில் தொப்பென்று போட்டேன். போட்டது போட்டபடி இருக்கிறது. கைப்பிடியில் கட்டிய விமானச் சீட்டைக்கூடக் கிழிக்கவில்லை. உன் கையெழுத்தோடு அது பூட்டு போலத் தொங்குகிறது. தூசி தட்டப் போனால்கூட அதைச் சுற்றித்தான் தட்டுவேன்.

இதை அடுப்படி இரும்பு ஸ்டூலில் உட்கார்ந்து எழுதுகிறேன். மேல் அலமாரி டப்பாவை எடுக்க அம்மா ஏறுவாளே, அதேதான். மூன்று காலுக்கு ரப்பர் செருப்பு, நாலாவது வெறுங்கால். அம்மாவின் கடைசிப் பனிக்காலத்தில் இதனால் வீட்டில் ஒரு யுத்தமே நடந்தது, உனக்குத் தெரியாது. காலையில் காபிக்கு உட்காரலாம் என்று பார்த்தால் ஸ்டூல் இருக்காது. தேடிக்கொண்டு போனால் மாடி அறையில் இருக்கும். கீழே கொண்டுவந்து வைப்பேன், மறுநாள் மறுபடி மாடியில். வீடு பெருக்க வந்த அம்மாள்தான் ஒட்டடை அடிக்கத் தூக்கிப் போகிறாள் என்று ஒருநாள் கத்திவிட்டேன். "உங்க வீட்டு ஸ்டூலுக்குக் கால் முளைச்சிருக்கும், போய்யா!" என்று துடைப்பத்தைப் போட்டுவிட்டுப் போனவள் திரும்பவே இல்லை. மறுநாள் அம்மா அவள் வீட்டைத் தேடிப்போய் ஏதோ கொடுத்துவிட்டு வந்தாள்.

நீ வருவதாக இருந்தால் சில யோசனைகள். பனிக்காலத்தில் விமானம் தாமதமாகும், அதனால் அதிகாலை விமானமாகப் பார்த்து எடு. போன் சார்ஜ் ஏற்றும் பவர் பேங்க் எல்லாம் பெரிய பெட்டியில் போட்டுவிடு, கை லேசாக இருக்கும். மாத்திரைகளையும் அதிலேயே போட்டுப் பூட்டிவிடு. ஸ்டேஷனுக்கு நானே வண்டி கொண்டு வருகிறேன்.

தம்பி

*

டிசம்பர் 2

தம்பிக்கு,

நீ வேலை செய்யும் இடம் லாட்ஜாக இருப்பது உலகத்துக்கு நல்லது. நீ விமான நிலையத்தில் இருந்தால் ஒருத்தரும் ஊர் போய்ச் சேர மாட்டார்கள். பனி அதிகாலையில்தான் கெட்டியாக இருக்கும். மத்தியான விமானம்தான் எடுக்க வேண்டும். பவர் பேங்கைப் பெரிய பெட்டியில் போட்டால் பெட்டியைத் திறந்து எடுத்துவிடுவோம், அது தீப்பிடிக்கும் சாமான். மாத்திரை, ஒரு மாற்றுத் துணி, கம்பளிக் காலுறை, பாஸ்போர்ட் நகல், எல்லாம் கைப்பையில். இணைப்பு விமானத்துக்கு நடுவே குறைந்தது ஒரு ராத்திரியாவது இடைவெளி வேண்டும். இதைத் தினமும் நூறு பேருக்குச் சொல்கிறேன்.

அன்றைக்கு எனக்கு நான் சொல்லிக்கொள்ளவில்லை. அதை உனக்கு எழுதியதே இல்லை, நீயும் கேட்டதில்லை.

"அம்மாவுக்கு முடியலை, கிளம்பி வா" என்று நீ சொன்னதும் கையில் கிடைத்த டிக்கெட்டைப் போட்டேன். நடுவே ஐம்பது நிமிஷம்தான். வேறு யாராவது அப்படிப் போட்டிருந்தால் கவுண்டரிலேயே திட்டியிருப்பேன். இறங்கினால் கண்ணாடிக்கு வெளியே வெள்ளைச் சுவர். ஒரு விமானமும் எழும்பவில்லை. முப்பத்தொரு மணி நேரம், கைப்பிடி வைத்த நாற்காலியில், படுக்கக்கூட முடியாமல். பக்கத்தில் ஒரு கிழவர் எனக்குத் தன் கழுத்துத் தலையணையைக் கொடுத்தார். நீ கூப்பிட்டு "முடிச்சாச்சு" என்றாய். அம்மாவை இன்னும் ஒரு நாள் வைத்திருக்கலாமே என்றேன். அதற்குத்தான் நீ அந்த ஜன்னல் வாக்கியத்தைச் சொன்னாய். நான் எழுந்து எதிர்ப்பக்கம் போகும் விமானத்துக்கு டிக்கெட் மாற்றிக்கொண்டேன். ஆள் ஏறாமல் பெட்டி போகக் கூடாது என்பது சட்டம். நானே அமல் செய்யும் சட்டம். அந்தக் கூட்டத்தில் யாரும் பார்க்கவில்லை, பெட்டி போய்விட்டது. அதில் அம்மாவுக்கு ஒரு ஸ்வெட்டர் இருக்கிறது.

அந்த வீட்டுக்கு நான் இரண்டே தடவைதான் வந்திருக்கிறேன், இரண்டும் கோடையில். நான் வேலைக்கு வந்த பிறகு நீங்கள் குடிபோன வீடு. மாடி ஜன்னல் எந்தப் பக்கம் என்றுகூட எனக்கு நினைவில்லை. ஆனால் கனவில் அதன் கம்பியை எண்ணிச் சொல்வேன்.

டிசம்பர் கடைசியில் லீவு கொடுத்திருக்கிறார்கள். டிக்கெட் எடுக்கவில்லை. அம்மா நின்றாள் என்றால், வந்து ஒரு சாயங்காலமாவது அங்கே நானும் நிற்க வேண்டும். நிற்கவில்லை என்றால் நான் எதற்கு வர வேண்டும், உன் மூஞ்சியைப் பார்க்கவா?

ஸ்டூல் கதை, வாடகைப் பேய்க் கதை எல்லாம் எழுதினாய். கேள்விக்குப் பதில் எழுதவில்லை.

அக்கா

*

டிசம்பர் 12

அக்கா,

இந்தக் கடிதத்தை மூன்று தடவை எழுதிக் கிழித்தேன். முதல் இரண்டிலும் "ஆமாம், நின்றாள்" என்று எழுதியிருந்தேன். நீ வருவாயே என்று. மூன்றாவதில் ஜோக் அடித்திருந்தேன்.

இல்லை. அம்மா நிற்கவில்லை.

ஒரு நாள்கூட நான் பார்த்ததில்லை. முழங்காலுக்கு மாடிப்படி ஆகாது என்று டாக்டர் சொன்னதிலிருந்து அம்மா மாடிக்கே போனதில்லை. உன்னைப் பற்றிப் பேசுவாள், பேசாத நாள் கிடையாது. அவ சாப்பிட்டிருப்பாளா, அவளுக்கு அங்கே குளிருமா, அவ அப்படி, அவ இப்படி. ஆனால் ஜன்னல் என் கற்பனை. தனியாளாகக் காரியம் எல்லாம் செய்துவிட்டு வந்து உட்கார்ந்தவனிடம் நீ "ஒரு நாள் வைத்திருக்கலாமே" என்றாய். எது உனக்கு ரொம்ப வலிக்குமோ அதைத் தேடினேன். கையில் கிடைத்தது அது.

அப்புறம் அதை வைத்தே பிழைத்தேன். ஆறு பனிக்காலம், வாரத்துக்கு நாலு நாள். சொல்லிச் சொல்லி எனக்கே பாதி நம்பிக்கை வந்துவிட்டது. சில நாள் சொல்லும்போது கண்ணாடியைக் கழற்றித் துடைக்க வேண்டியிருக்கும். கூட்டத்துக்கு அது ரொம்பப் பிடிக்கும்.

முழுசாகச் சொல்கிறேன், கேள். எனக்கு உன்மேல் பொறாமை. இங்கே கூடவே இருந்தது நான். மருந்து வாங்கினது, வெந்நீர் வைத்தது, சண்டை போட்டது, கல்யாணம் காட்சி என்று ஒன்றும் பண்ணிக்கொள்ளாமல் போனது, எல்லாம் நான். அந்தக் கடைசிப் பனிக்காலம் ஆரம்பத்தில் லாட்ஜிலிருந்து வரும்போது ஏற்றச் சந்துத் திருப்பத்தில் ஸ்கூட்டரோடு விழுந்து முன்பல் போயிற்று. அதற்கப்புறமும் அம்மா ஒரு நாள்கூட 'ஏன்டா லேட்டு' என்று கேட்டதில்லை. சுற்றிக்கொண்டு வந்து வாசல் கதவைத் திறந்தால் டீவி முன்னால் உட்கார்ந்திருப்பாள். லேசாக மூச்சு வாங்கும், வயசு. தலையைக்கூடத் திருப்பாமல், "கதவைச் சாத்து, பனி உள்ளே வருது" என்பாள். அவ்வளவுதான் எனக்கு. எதிர்பார்ப்பதெல்லாம் உன்னைத்தான். அதனால்தான் ஜன்னலில் நிற்க வைத்தபோதுகூட, பார், உனக்காக நிற்க வைத்தேன். எனக்காக யார் நிற்பார்கள் என்று எனக்கே தோன்றவில்லை.

இப்போது நீ வர வேண்டிய காரணம் ஒன்றும் இல்லை. பெட்டியைப் பார்சலில் அனுப்பட்டுமா, எழுது.

தம்பி

*

ஜனவரி 11

தம்பிக்கு,

நல்லபடியாக வந்து சேர்ந்தேன். பெட்டியும் கூடவே வந்தது, இந்தத் தடவை ஒரே விமானத்தில். இங்கே பெல்டிலிருந்து அதை எடுத்தபோது எதிரே வந்தவள் என் கவுண்டர் தோழிதான். பழைய சீட்டைப் பார்த்துவிட்டு, "என்ன மேடம், இது பதினோரு வருஷம் லேட்டா?" என்றாள்.

சொல்லாமல் வந்ததற்கு நீ நாலு நாளும் என்னைத் திட்டினாய். உன் கடிதம் கிடைத்ததும் 'வரவேண்டாம்' என்றுதான் முடிவு பண்ணினேன். ராத்திரி பகல் அதையே யோசித்தேன். அம்மா நிற்கவில்லை என்றால் எனக்கு விடுதலை என்று நினைத்திருந்தேன். இல்லை, வெறிச்சென்றிருந்தது. அந்த ஜன்னலில் நீ மட்டும் நிற்பது தெரிந்தது, மீசையோடு. டிக்கெட் எடுத்துவிட்டேன்.

முதல் நாள் கம்பளியைத் தலையோடு போர்த்திக்கொண்டு, நீ எண்ணிக் கிளம்பிய பிறகு உன் கூட்டத்தின் கடைசியில் பேசாமல் சேர்ந்துகொண்டேன். நம் வீட்டுக்குக் கீழே வந்ததும் யாரோ, "இங்கே என்ன பேய் சார்?" என்று கேட்டார்கள். "இங்கே பேய் எதுவும் இல்லைங்க. எங்க அம்மா இருந்தாங்க" என்று சொல்லிவிட்டு நீ நடந்தாய். ஒருத்தர், "காசு திரும்பத் தருவாங்களா?" என்று முணுமுணுத்தார். அப்புறம் முடிவில் எண்ணினாய். நிஜமாகவே பதின்மூன்று வந்தது. மறுபடி எண்ணினாய். உன் முகம் போன போக்கைப் பார்த்துக் கூட்டமே அலறியது. ஆறு வருஷ அனுபவசாலி, டார்ச்சைக் கீழே போட்டுவிட்டாய். "நான்தான்டா" என்றேன். அதை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது, கூடவே மற்றதும்.

மூன்றாம் நாள் நடந்த ஒன்றை உன்னிடம் சொல்லவில்லை. இப்போது எழுதுகிறேன்.

நீ சாயங்காலம் உலாவுக்குப் போன பிறகு பெட்டியைத் திறந்து ஸ்வெட்டரை எடுக்கலாம் என்று மாடிக்குப் போனேன். ஜன்னல் விளிம்பு என் தாடைக்கு வருகிறது. உனக்கு அது தெரியாது, நீ ஆறடி. அம்மா என்னைவிட ஒரு சாண் குள்ளம். தரையில் நின்றால் அவளுக்கு ஆகாயம்தான் தெரிந்திருக்கும். சரி, தம்பி சொன்னது உண்மைதான் என்று நினைத்துக்கொண்டே பெட்டியை நகர்த்தினேன். அடியில் சிமெண்டுத் தரை பளிச்சென்று இருந்தது. அதில் நாலு தழும்பு. மூன்று வட்டமாக, ரப்பர் கறுப்பு. ஒன்று துருப்பிடித்த சின்னப் பள்ளம்.

கீழே போய் உன் ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு வந்தேன். வைத்துப் பார்த்தேன். அப்படியே உட்கார்ந்துகொண்டது. ஒரு நாள் இரண்டு நாள் வைத்தால் வருகிற தழும்பு இல்லை அது. வீடு பெருக்கிய அந்த அம்மாள் எங்கேயாவது இருந்தால் தேடிப்போய் மன்னிப்புக் கேள்.

ஏறி நின்றேன். கொஞ்ச நேரத்தில், உலா முடித்துத் தனியாகத் திரும்பும் உன் டார்ச் வெளிச்சம் திருப்பத்தில் வந்தது. நீ நின்று கண்ணாடியைத் துடைத்துக்கொண்டாய். தலை தூக்கவில்லை. ஸ்டூலை அப்படியே விட்டுவிட்டு இறங்கி வந்து டீவி முன்னால் உட்கார்ந்தேன். நீ உள்ளே வந்து, "ஏன்க்கா மூச்சு வாங்குது?" என்று கேட்டாய். "கதவைச் சாத்து, பனி உள்ளே வருது" என்றேன். நீ சாத்திவிட்டு அடுப்படிக்குப் போய், "ஸ்டூல் எங்கே?" என்று சத்தம் போட்டாய்.

வீடு இடிப்பதற்குள் நீயும் ஒரு சாயங்காலம் அதில் ஏறிப் பார். நான் இரண்டு பக்கமும் எட்டிப் பார்த்துவிட்டேன். டாக்ஸி வருவது, என் பெட்டி வந்தது, நான் வந்தது, எல்லாமே வாசல் ரோட்டில். அந்த ஜன்னலிலிருந்து வாசல் ரோடு தெரியாது. ஏற்றச் சந்தில் நீ விழுந்த அந்தத் திருப்பம் மட்டும்தான் தெரியும்.

அக்கா